45 ஆயிரம் ரூபாய் டிஜிட்டல் கேபிள் போட்டால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா?

கேள்வி கேட்டவர் தர்மபுரிக்காரர். இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் ஸ்ட்ரீமர், டிஜிட்டல் எண்களை ஒலிச் சிக்னலாக மாற்றும் தனி டிஏசி, ஆம்பிளிஃபயர், ஆளுயர ஸ்பீக்கர் எல்லாம் நல்லதாகவே வாங்கிவிட்டார். ஸ்ட்ரீமருக்கும் டிஏசிக்கும் நடுவில் போடும் ஒன்றரை மீட்டர் கோஆக்சியல் கேபிளுக்கு பெங்களூர் கடையில் 45 ஆயிரம் விலை சொல்லி, "பேஸ் இறுகும், குரல் முன்னால் வரும்" என்கிறார்களாம். வாங்கலாமா என்று கேட்கிறார்.

வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் "எல்லா ஒயரும் ஒன்றுதான்" என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். கேபிளில் பார்க்க வேண்டிய விஷயம் உண்டு. அது வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் அந்த ஒயரில் என்ன போகிறது என்று பார்ப்போம். சிடி தரப் பாட்டில் ஒலியை அளந்து எடுத்த மாதிரிகள் ஒரு நொடிக்கு 44,100, ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என்று இரண்டு சேனல். மொத்தம் நொடிக்கு 14,11,200 பிட்டுகள். சோனியும் பிலிப்ஸும் வகுத்த முறைப்படி கூடுதல் தகவல்களையும் சேர்த்து அனுப்பும்போது அது இரண்டு மடங்காகிறது. ஒயரில் போவது இந்த எண்கள்தான். பேஸ் இறுக வேண்டுமென்றால் ஆயிரக்கணக்கான எண்கள் ஒன்றோடொன்று பொருந்தி, கணக்காக மாற வேண்டும். செம்போ வெள்ளியோ, ஒரு கம்பிக்கு மிருதங்கம் எது, குரல் எது என்று பிரிக்கத் தெரியாது. டிஜிட்டல் கேபிள் கெட்டால் 'டிக் டிக்' என்று சத்தம் வரும், பாட்டு அறுந்து அறுந்து வரும், இல்லையென்றால் மொத்தமாக நின்றுவிடும். ட்ரெபிள் கொஞ்சம் மென்மையாகிவிட்டது என்ற மாதிரிக் குறை அதில் வராது.

ஜிட்டர், அதாவது எண்கள் வந்து சேரும் நேரத்தில் வரும் சின்னத் தடுமாற்றம், என்று கடைக்காரர் சொல்வார். அது பொய் இல்லை. கோஆக்சியலில் எண்களோடு நேரக் கணக்கும் சேர்ந்தே போகிறது. கேபிளின் இம்பீடன்ஸ், அதாவது ஓடும் சிக்னலுக்கு அது காட்டும் தடை, 75 ஓமாக இல்லாவிட்டால் சிக்னலில் ஒரு பகுதி முனையில் மோதித் திரும்பும், விளிம்புகள் மழுங்கும், எதிர்முனையில் இருக்கும் டிஏசி நேரத்தைச் சற்று முன்பின்னாகப் புரிந்துகொள்ளும். பழைய டிஏசிகளில் இதற்கு மதிப்பு இருந்தது. இப்போது வரும் நல்ல டிஏசிகள் அந்த நேரத்தை உள்ளேயே சீர்செய்துகொள்கின்றன. யுஎஸ்பியில் அசிங்க்ரனஸ் முறை என்றால் கடிகாரமே டிஏசிக்குள்தான் இருக்கிறது. டிஏசி கேட்கும் வேகத்தில் கணினி தரவை அனுப்பினால் போதும்.

ஆக, கோஆக்சியலுக்கு வேண்டியது உண்மையான 75 ஓம், நல்ல ஷீல்டு (கம்பியைச் சுற்றியிருக்கும் உலோக உறை), உறுதியாகப் பிடித்த பின். அவ்வளவுதான். நம் தெருவில் கேபிள் டிவிக்காரர் இழுத்துக் கட்டும் ஆர்ஜி-6 ஒயரும் 75 ஓம்தான். விறைப்பாக இருக்கிறது என்றால் ஆர்ஜி-59 கொஞ்சம் வளைந்து கொடுக்கும். பழைய டிவிடி பிளேயரோடு வந்த மஞ்சள் பின் ஒயர் வீட்டில் கிடந்தால் அதைப் போட்டுப் பாருங்கள், வீடியோவுக்கென்று வந்தது என்பதால் அதுவும் பெரும்பாலும் 75 ஓமுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். சிவப்பு வெள்ளை ஆடியோ ஒயருக்கு அந்த உத்தரவாதம் இல்லை.

இனி நம் பக்கத்து விஷயம். என்னைக் கேட்டால் பணம் போக வேண்டிய இடம் இதுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டுமே பாறை பூமி. கொஞ்சம் தோண்டினாலே கல் தட்டும். வீடு கட்டும்போது எர்த் குழியை ஆழமாக எடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். சித்திரை வைகாசியில் மண் காய்ந்ததும் எர்த் பேருக்குத்தான் இருக்கும். அந்த நிலையில் லேப்டாப், ஸ்ட்ரீமர், ஆம்பிளிஃபயர் மூன்றும் மூன்று பிளக் பாயின்ட்டில் இருந்தால், அவற்றின் கசிவு மின்சாரம் சிக்னல் கேபிளின் ஷீல்டு வழியாகத்தான் வழி தேடும். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற உறுமல் அப்படித்தான் வருகிறது. கேபிள் மாற்றியதும் சத்தம் மாறியது என்று சிலர் உண்மையாகவே கேட்பதற்கும் பல நேரம் இதுதான் காரணம். பிட்டுகள் அப்படியே வந்திருக்கும், கூடவே வந்த இரைச்சல் டிஏசியின் அனலாக் பகுதிக்குள் நுழைந்திருக்கும்.

எங்கள் வீட்டில் செட்டாப் பாக்ஸை இணைத்தால் மட்டும் உறுமல் வந்தது. தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிளின் ஷீல்டு வேறொரு எர்த்தைக் கூடவே கொண்டுவந்து சேர்த்திருந்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து ஆப்டிகல் ஒயர் போட்டதும் நின்றுவிட்டது. 1983-ல் தோஷிபா கொண்டுவந்த அந்த ஆப்டிகல் முறையில் ஒளி மட்டுமே போகிறது, மின்தொடர்பே இல்லை. பல கருவிகளில் அது 96 கிலோஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 96,000 மாதிரிகளுக்கு, மேல் நம்பகமாகப் போகாது, ஒயரை மடக்கி ஒடிக்கவும் கூடாது. ஆனால் உறுமலுக்கு அதைவிட மலிவான மருந்து இல்லை.

எர்த்தைப் பார்க்க ஒரு நல்ல வயர்மேன் அண்ணனைக் கூப்பிடுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 2, 3 வோல்ட்டைத் தாண்டினால் ஏன் என்று விசாரிக்க வேண்டும். குழியைச் சரிசெய்து உப்பும் கரியும் போட்டு, கோடையில் அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள். ஆடியோ கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுங்கள். உறுமல் போக வேண்டுமென்று பிளக்கின் எர்த் பின்னை வெட்டிவிடச் சிலர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், அது உயிர் விஷயம்.

அப்புறம் அறை. நம் ஊரில் கிரானைட் சுலபமாகக் கிடைக்கிறது, தரை முழுக்க அதுதான். மேலே கான்கிரீட், சுற்றிலும் பூசிய செங்கல் சுவர். கை தட்டிப் பாருங்கள், கணீரென்று திரும்பி வரும். ஸ்பீக்கருக்கும் நீங்கள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் தடித்த ஜமுக்காளம் ஒன்று, பின்சுவரில் புத்தக அலமாரி அல்லது கனமான திரை. பாடகர் மூச்சு வாங்குவது அதன் பிறகு தெளிவாகத் தெரியும். கடைக்காரர் சொன்ன "குரல் முன்னால் வரும்" இங்கேதான் கிடைக்கும்.

இத்தனைக்குப் பிறகும் அந்தக் கேபிள் மேல் ஆசை இருந்தால் கடையில் ஒரு வாரத்துக்கு இரவல் கேளுங்கள். நண்பர் ஒருவர் காசைச் சுண்டி, பூவா தலையா பார்த்து, உங்களுக்குத் தெரியாமல் கேபிளை மாற்றட்டும். ஒவ்வொரு முறையும் கேபிளைக் கழற்றி மாட்டும் சத்தம் கேட்டாக வேண்டும், மாற்றாத முறையிலும்கூட. வால்யூமைத் தொடக் கூடாது. எது ஓடுகிறது என்று நீங்கள் தாளில் எழுதுங்கள். 10 முறையில் 5 சரியாக வருவது வெறும் ஊகத்திலேயே நடக்கும். 9-ஓ 10-ஓ சரியாக வருவதற்கு, ஊகத்தில் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றில் ஒன்றுதான். உங்களுக்கு அப்படி வந்தால் இங்கேயே எழுதுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு பஸ் தூரம், நானே வந்து உட்கார்ந்து கேட்கிறேன்.