ஏலத்தில் எடுத்த வீடு: வழக்கை விடுங்கள், 18ஆம் தேதியைப் பாருங்கள்

திருப்பூர் வாசகர் ஒருவரின் கடிதம், சுருக்கமாக: வங்கி இ-ஏலத்தில் கோவையில் ஒரு வீடு, அடிவிலை 42 லட்சம். கடைசி நேரப் போட்டியில் 51.50 லட்சத்துக்கு எடுத்து, 25 சதவீதம் கட்டிவிட்டார். அப்புறம் போய்ப் பார்த்தால் பழைய உரிமையாளரின் அம்மா உள்ளே குடியிருக்கிறார், டிஆர்டியில் (வங்கிக் கடன் வழக்குகளை விசாரிக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயம்) வழக்கும் நடக்கிறது. ஒரு வாரத்தில் சாவி தருவதாகச் சொன்ன மேனேஜர் போனை எடுப்பதில்லை. வீட்டுக் கடனும் இழுத்தடிக்கிறது. மோசடி வழக்குப் போட்டுப் பணத்தைத் திரும்ப வாங்கலாமா என்று கேட்கிறார்.

மேனேஜர் வாயால் சொன்னது எங்கேயும் நிற்காது, அதை விட்டுவிடுங்கள். நீங்கள் அனுப்பிய ஏல அறிவிப்பில் ‘உள்ளது உள்ளபடி’ என்று இருக்கிறது, சொத்து சிம்பாலிக் பொசஷனில், அதாவது காகிதத்தில் மட்டும் வங்கி வசம், இருப்பதாகவும் வழக்கு நிலுவையில் இருப்பதாகவும் கட்டம் போட்டே எழுதியிருக்கிறார்கள். வழக்கை மறைத்திருந்தால் நமக்கு ஒரு பிடி இருந்திருக்கும். மறைக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி ஒன்றுதான், அதையும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: விற்பனையை உறுதி செய்த கடிதம் 3ஆம் தேதி வந்தது. சர்ஃபேசி (வாராக் கடனுக்கான சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே விற்க வழிசெய்யும் சட்டம்) விதி 9(4)படி மீதி 38,62,500 ரூபாயை அதிலிருந்து 15 நாளுக்குள், அதாவது 18ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தவறினால், கட்டிய 12,87,500 ரூபாய் போய்விடும், வீடும் மறு ஏலத்துக்குப் போகும்.

என்னிடம் வந்தவர்களில் பலர் விழுந்தது இந்தக் குழியில்தான். கோபத்தில் ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பதில் வரட்டும் என்று மீதிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். நோட்டீஸ் கெடுவை நிறுத்தாது. கடன் வாங்கியவர் தரப்பு டிஆர்டியில் போட்ட வழக்கும், தடை உத்தரவு இல்லாதவரை, நிறுத்தாது. 25 சதவீதத்தையும் பறிப்பது அநியாயம், நீதிமன்றம் கொஞ்சமாவது இரங்கும் என்று இன்னும் நம்புகிறவர்களுக்கு 2024இல் சுப்ரீம் கோர்ட் தந்த தீர்ப்பைச் சொல்கிறேன். அதில் ஒருவர் ஏலம் எடுத்த தொகை 12.27 கோடி, கட்டியிருந்தது 3 கோடிக்கு மேல். கடன் கிடைக்கவில்லை, மீதியைக் கட்ட முடியவில்லை. மறு ஏலத்தில் அதே சொத்து 14.76 கோடிக்குப் போனது. வங்கிக்கு நட்டமே இல்லையே என்ற வாதம் சென்னை உயர் நீதிமன்றம் வரை ஓரளவு எடுபட்டது. சுப்ரீம் கோர்ட்டில் எடுபடவில்லை, மொத்தமும் வங்கிக்கே போனது. அவரும் உங்களைப் போலக் கடனை நம்பி ஏலம் கேட்டவர்தான்.

அதனால் நாளைக்கே வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரிக்கு அவகாசம் கேட்டு எழுதுங்கள். அதிகபட்சம் மூன்று மாதம் வரை கொடுக்கலாம், ஆனால் எழுத்தில் கொடுத்தால்தான் அது அவகாசம். ‘பார்த்துக்கலாம் சார்’ என்ற பேச்சை நம்பி 18ஆம் தேதியைத் தாண்டாதீர்கள். ஏலம் விட்ட வங்கியிலேயே கடனும் கேளுங்கள், சொத்தின் காகிதம் அவர்கள் கையில் இருப்பதால் வேலை சீக்கிரம் நடக்கும்.

அந்த அம்மா விஷயம். வங்கி அதே சர்ஃபேசி சட்டத்தின் 14ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு, போலீஸோடு வந்து காலி செய்து தரும், மாதக்கணக்கில் ஆகும். வயதானவரை அப்படி வெளியேற்றுவதை நேரில் பார்த்திருக்கிறேன், அடுக்களைச் சாமானெல்லாம் வாசலில் கிடந்தது, பார்க்க முடியாது. ஒன்றரை, இரண்டு லட்சம் இடமாற்றச் செலவாகக் கொடுத்துச் சமாதானமாக முடியுங்கள் என்பதுதான் என் யோசனை. சேல் சர்டிபிகேட் (முழுப் பணமும் கட்டியதும் வங்கி தரும் விற்பனைச் சான்றிதழ்) கைக்கு வந்த பிறகு, வங்கி அதிகாரி முன்னால், எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். டிஆர்டி வழக்கை வாபஸ் வாங்குவதும் அந்தப் பேச்சிலேயே இருக்கட்டும். நீங்களாகப் பூட்டை உடைப்பது, மின் இணைப்பைத் துண்டிப்பது எதுவும் வேண்டாம், கிரிமினல் புகார் உங்கள் மேல் வரும்.

அடுத்து ஏலம் கேட்க நினைப்பவர்களுக்கும் சொல்கிறேன். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒருவர் ஏற்றினால் நேரம் மறுபடி நீளும், ஒவ்வொரு நீட்டிப்பிலும் இன்னும் ஐம்பதாயிரம்தானே என்று கை போகும். உங்கள் மேல்வரம்பை முந்தின நாளே காகிதத்தில் எழுதிவிடுங்கள். வீட்டின் சந்தை விலையிலிருந்து முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம், பழைய வீட்டுவரி, மின் பாக்கி, காலி செய்யும் செலவு எல்லாவற்றையும் கழித்த பிறகு வருகிற எண்தான் வரம்பு. அந்தக் கணக்கில் 51.50 லட்சம் மலிவா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் உங்களுக்கு இப்போது அந்தக் கேள்வி இல்லை, 18ஆம் தேதிக்குள் அவகாசக் கடிதம் கையில் இருக்கிறதா என்பதுதான்.