கொல்லையில் முயல் கொட்டகை: கூண்டுக் கணக்கைக் குட்டியிலிருந்து போடுங்கள்

கேள்வி: தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம் கிராமம். வீடு கிழக்குப் பார்த்தது. பின்னால் கொல்லை தெற்கு வடக்காக 30 அடி, கிழக்கு மேற்காக 45 அடி. மேற்கு ஓரத்தில் இரண்டு தென்னை. ஐப்பசி, கார்த்திகையில் கணுக்கால் அளவு தண்ணீர் நான்கைந்து நாள் நிற்கும். ஐந்து பெண் முயல், ஒரு ஆண் வைத்துக் குட்டி எடுத்து விற்கலாம் என்று இருக்கிறேன். ஆறு கூண்டு போதுமா? மாட்டுக் கொட்டகையில் கழற்றிய தகரம் சும்மா கிடக்கிறது, அதையே கூரையாகப் போடலாமா? வளர்ந்த முயல்களைத் தரையில் குழி வெட்டி விடலாம் என்கிறார்களே, சரியா?

பதில்: ஆறு போதாது, பதிமூன்று வேண்டும். முயல் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் வாங்கிவரும் தலைகளை எண்ணிக் கூண்டு செய்கிறார்கள். இணை சேர்த்த எழுபதாவது நாள்தான் இடநெருக்கடி தெரியவரும்.

கணக்கைப் பாருங்கள். சினைக்காலம் சுமார் 31 நாள். ஈற்றுக்கு ஆறு முதல் எட்டுக் குட்டி, தேறுவது ஐந்தாறு. நாற்பதாவது நாள் தாயிடமிருந்து பிரிக்கிறீர்கள், மூன்று மாதத்தில் விற்கிறீர்கள். அதாவது ஒவ்வொரு குட்டியும் தாய்க்கூண்டுக்கு வெளியே ஐம்பது நாள் உங்கள் இடத்தில் இருக்கும். ஐந்து தாய்க்கு 25 முதல் 30 குட்டி. ஒரு குட்டிக்கு ஒன்றரைச் சதுர அடி என்றால், நான்கடி நீளம் இரண்டரையடி ஆழமுள்ள கூண்டில் ஆறு குட்டி. ஆக ஐந்து குட்டிக் கூண்டு. தாய்களை இரண்டும் மூன்றுமாகப் பிரித்து ஐந்து வார இடைவெளியில் இணை சேர்த்தால் கூண்டு மிச்சமாகுமே என்று தோன்றும். ஆகாது. முதல் தொகுதியின் கடைசி இரண்டு வாரமும் அடுத்த தொகுதியின் முதல் இரண்டு வாரமும் ஒன்றன்மேல் ஒன்று விழும். ஆனாலும் அப்படிப் பிரித்துச் சேர்ப்பதே நல்லது. ஒரே நாள் வாக்கில் இரண்டு தாய் ஈன்றால், ஒன்றுக்குப் பத்துக் குட்டி, மற்றதற்கு நான்கு என்று ஆகும்போது மூன்றை மாற்றி வைத்துவிடலாம்.

ஆண் முயல் ஒன்று போதாது, இரண்டு வையுங்கள். முப்பது டிகிரிக்கு மேல் வெயில் போகும் நாட்களில் ஆண் முயலின் விந்து வீரியம் குறையும். வெயில் தணிந்தாலும் அது திரும்ப ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். அக்னி நட்சத்திரத்தில் வாடிய ஆண் ஆடி வரைக்கும் ஏறிக்கொண்டுதான் இருக்கும், சினைதான் நிற்காது. பழி பெண் முயல் மேல் விழும். இரண்டு ஆணில் ஒன்றாவது சீக்கிரம் தேறும்.

ஆகப் பெண் 5, ஆண் 2, குட்டி 5, நோய்க்கூண்டு 1. நோய்க்கூண்டு கொட்டகைக்குள் இருக்கவே கூடாது. கொல்லையின் மறு கோடியிலோ வீட்டுத் தாழ்வாரத்திலோ இருக்கட்டும். புதிதாக வாங்கிவரும் முயலுக்கும் முதல் இரண்டு வாரம் அதுதான் இடம்.

பெண் கூண்டு இரண்டரையடி நீளம், இரண்டடி ஆழம், ஒன்றரையடி உயரம். ஆணுக்கு இரண்டுக்கு இரண்டு. எந்தக் கூண்டும் இரண்டரையடி ஆழத்தைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் போனால் பின்மூலையில் பதுங்கும் முயலைக் கை எட்டாது. கதவு முன்பக்கம் வைத்தால் பெரிதாக வையுங்கள், பிரசவப் பெட்டி அதன் வழியாக நுழைய வேண்டும்.

வலைக்கம்பியில்தான் காசு போகும், ஏமாறுவதும் அங்கேதான். தரைக்கு 14 கேஜ் வெல்டு மெஷ், கண் அரைக்கு ஒரு அங்குலம் அல்லது அரைக்கு அரை. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லிசு. விலை குறைவு என்று 18 கேஜ் வாங்கினால் நான்கு கிலோ முயல் நின்ற இடம் தொய்ந்து, மெல்லிய கம்பி பின்னங்காலின் அடியை அறுக்கும். அரைக்கு ஒரு அங்குலக் கண்ணில் இரண்டு பக்கமும் ஒன்று போலத் தெரியும். விரலை ஓட்டிப் பாருங்கள்: ஒரு பக்கம் அரை அங்குலத்துக்கு ஒன்றாக நெருங்கிய கம்பிகள் மேலே எழும்பி நிற்கும். அந்தப் பக்கம் முயலின் காலுக்கு வர வேண்டும். வெட்டிய முனைகள் வெளியே திரும்பட்டும். தரை வலை மட்டும் எல்லாக் கூண்டுக்குமாகச் சுமார் 90 சதுர அடி பிடிக்கும். பக்கங்களுக்கு ஒரு அங்குலக் கண் போதும். ஆனால் பெண் கூண்டில் அடியிலிருந்து நான்கு அங்குல உயரத்துக்கு அரை அங்குல வலையை இன்னொரு சுற்று கட்டுங்கள். பால்காம்பைக் கவ்வியபடி தாயோடு பெட்டிக்கு வெளியே வந்துவிட்ட குட்டி ஒரு அங்குலக் கண்ணில் நழுவி விழும். விடிவதற்குள் எறும்பு மொய்த்துவிடும். ஒவ்வொரு பெரிய முயலுக்கும் ஒரு முழ நீளப் பலகைத் துண்டு உள்ளே கிடக்கட்டும். கால் புண் வராமல் இருப்பதில் பாதி அந்தப் பலகையின் புண்ணியம். மூத்திரம் ஊறினால் வெயிலில் காயவைத்து மாற்றுங்கள்.

இனி இடம். கொட்டகையின் நீளம் கிழக்கு மேற்காகப் போக வேண்டும். அப்படியானால் காலை வெயிலும் மாலை வெயிலும் குறுகிய இரண்டு முனைகளில்தான் படும். வடக்கு வரிசையில் ஐந்து பெண் கூண்டும் இரண்டு ஆண் கூண்டும் சேர்ந்து பதினாறரை அடி. தெற்கு வரிசையில் ஐந்து குட்டிக் கூண்டு இருபது அடி. நடுவே நான்கடி நடை. நம் பக்கம் ஐப்பசி மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். பிரித்த குட்டிக்கு ஈரம்தான் எமன், அதனால்தான் அவை தெற்கே. வடக்குப் பக்கத்துக்குச் சாக்குப் படுதா ஒன்று தைத்துச் சுருட்டி வையுங்கள். மழையில் இறக்கும்போதும் மேலே ஓரடி திறந்திருக்க வேண்டும். மூத்திர ஆவி வெளியேற வேறு வழியில்லை. ஆண் கூண்டு எக்காரணம் கொண்டும் மேற்கு முனையில் வேண்டாம், மூன்று மணி வெயிலில் வெந்துபோகும். மேற்கே நாலைந்து அடி தள்ளி அகத்தியும் கல்யாண முருங்கையும் வரிசையாக நடுங்கள். நிழலும் ஆயிற்று, தீவனமும் ஆயிற்று. கிளை மட்டும் கூரையைத் தொடக் கூடாது, மரநாய்க்கு அது பாலம். தென்னைக்கு அடியில் கொட்டகை வேண்டாம். மட்டையும் காயும் எப்போது விழும் என்று சொல்ல முடியாது.

தண்ணீர் நிற்கும் கொல்லை என்பதால் மேடு கட்டாமல் எதுவும் செய்யாதீர்கள். கணுக்கால் தண்ணீருக்கு ஒன்றரையடி மேடு போதும். 24 அடி நீளம், 11 அடி அகலம், ஒன்றரையடி உயரம் என்றால் 396 கன அடி, அதாவது நான்கு யூனிட் மண். திமிசு போட்டால் அமுங்கும், ஐந்து யூனிட் சொல்லிவிடுங்கள். வயல் களிமண் கேட்காமலே கிடைக்கும், ஆனால் கோடையில் பாளமாக வெடிக்கும், மழையில் சேறாகும். சவுடு மண்தான் சரி. மேட்டின் மேல்மட்டம் நடையிலிருந்து இரு பக்கமும் வெளிநோக்கி இலேசாகச் சரியட்டும். மூத்திரம் தேங்காமல் ஓரத்து வாய்க்காலுக்கு ஓட வேண்டும். கூண்டின் அடி மேட்டிலிருந்து மூன்றடி உயரம். ஒரே அடுக்குதான். இரண்டடுக்கு வைத்தால் மேல் முயலின் மூத்திரத்தில் கீழ் முயல் குளிக்கும்.

தகரத்தைத் தாராளமாகப் போடலாம், ஆனால் தனியாகப் போடக் கூடாது. வெறும் தகரத்தின் கீழ் சித்திரை மதியத்தில் நீங்களே பத்து நிமிஷம் நிற்க மாட்டீர்கள். தகரத்தின் மேல் கீற்றை வேய்ந்து, பழைய மீன்வலையை இழுத்துக் கட்டிவிடுங்கள். ஒழுகாது, சுடாது, காற்றுக்கும் கீற்று பறக்காது. கூரை விளிம்பு கூண்டைத் தாண்டி மூன்றடி நீளட்டும், சொட்டும் தண்ணீர் மேட்டுக்கு வெளியே விழ வேண்டும். விளிம்பு ஆறடி உயரம், முகடு ஒன்பதரை. காலுக்குச் சவுக்கு என்றால் மண்ணுக்குள் போகும் இரண்டடிக்கும் தார் பூசுங்கள், இல்லையேல் கரையான் இரண்டு வருஷத்தில் முடித்துவிடும். சிமெண்டுக் கால் கிடைத்தால் இன்னும் நல்லது. காலையும் கூரைச் சட்டத்தையும் ஆணியை நம்பி விடாமல் கம்பியால் முறுக்கிக் கட்டுங்கள். 2018 நவம்பர் 16 விடிகாலையில் கஜா கரையேறியபோது டெல்டாவில் என்னென்ன பறந்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

அதே காரணத்துக்காகக் கூண்டுகளை, அவை நிற்கும் தாங்கியோடு வெல்டு வைத்து இணைத்துவிடாதீர்கள். தூக்கினால் கையோடு வர வேண்டும். புயல் ராத்திரியில் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோகலாம் என்பது ஒன்று. மாதம் ஒருமுறை வெளியே எடுத்து, முயலை மாற்றிவிட்டு, வலையைத் தீய்க்கலாம் என்பது அதைவிட முக்கியம். குட்டிகளை வயிற்றுப்போக்கில் கொல்லும் ரத்தக்கழிச்சல் நோயின் கிருமி முட்டைகள் பினாயிலுக்கெல்லாம் அசையாது, நெருப்புக்குத்தான் சாகும். கீற்றுக் கூரைக்கு அடியில் நின்று அந்த வேலையைச் செய்துவிடாதீர்கள்.

தாங்கியின் நான்கு காலும் தேங்காய்ச் சிரட்டை அளவு சிமெண்டுக் கிண்ணத்தில் நிற்கட்டும். அதில் தண்ணீர் விட்டு மேலே கழிவு எண்ணெய் கொஞ்சம். எண்ணெய் இல்லாவிட்டால் எறும்பைத் தடுத்துக் கொசுவை வளர்த்ததாக ஆகும். கூண்டில் சாய்ந்து நிற்கும் ஒரு குச்சி, தொங்கும் ஒரு கயிறு இருந்தாலும் எறும்புக்கு அது போதும். பாம்பு பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வரும். தீவன மூட்டையைக் கொட்டகையில் வைக்காமல் மூடியுள்ள டிரம்மில் வீட்டில் வைத்தால் பாதித் தொல்லை குறையும்.

தண்ணீருக்கு நிப்பிள் (முயல் நக்கினால் தண்ணீர் சொட்டும் குழாய் முனை) நல்லதுதான், குழாய் வெயிலில் ஓடாத வரைக்கும். மதியம் குழாயில் சூடேறிய தண்ணீரை முயல் குடிக்காது. குடிக்காத முயல் தின்னாது, பால் கொடுக்கும் தாயாக இருந்தால் குட்டி வாடும். அப்படிப்பட்ட தாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் வரை தேவைப்படும். பத்துப் பன்னிரண்டு முயலுக்குக் கனமான மண்சட்டியே போதும், இரண்டு வேளை கழுவ முடிந்தால்.

பிரசவப் பெட்டி ஒன்றரையடி நீளம், பத்து அங்குல அகலம், பத்து அங்குல உயரம், நுழைவாயிலில் ஆறு அங்குலத் தடுப்பு, அடியில் துளைகள். இணை சேர்ந்த 28ஆம் நாள் வையுங்கள். முந்தினால் அதைக் கக்கூஸாக்கிவிடும். உள்ளே நறுக்கிய காய்ந்த வைக்கோல். நீளமான தேங்காய் நார் வேண்டாம், குட்டியின் காலில் சுற்றி இறுக்கும். தாய் நாளுக்கு ஒரு தடவைதான், அதுவும் சில நிமிஷமே பால் கொடுக்கும். ‘அம்மா குட்டியைப் பார்க்கவே மாட்டேங்குது’ என்று பதறிப் பாலாடையைத் தூக்காதீர்கள். குட்டி வயிறு உருண்டையாக இருந்தால் போதும்.

கோடையில் கூரைமேல் தண்ணீர் தெளியுங்கள், உள்ளே தெளிக்காதீர்கள். காற்றில்லாத புழுக்கத்தில் உள்ளே அடிக்கும் ஈரம் முயலை இன்னும் திணற வைக்கும். வியர்க்கத் தெரியாத பிராணி அது, காது வழியாகத்தான் சூட்டை இறக்கும். பாட்டிலில் உறையவைத்த தண்ணீரைக் கூண்டில் போட்டால் அணைத்துக்கொண்டு படுக்கும். சித்திரையிலிருந்து ஆனி வரை இணை சேர்ப்பதை நிறுத்திவைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை.

குழியைப் பற்றிக் கேட்டீர்கள். நிலத்தடி நீர் இரண்டு முழத்தில் ஏறிவரும் டெல்டாக் கொல்லையில் குழி மழைக்காலத்தில் கிணறு. மழை இல்லாதபோதும் சாணமும் முயலும் ஒரே இடத்தில் கிடந்தால் மேலே சொன்ன கழிச்சல் நிச்சயம். வேண்டாம். அக்கம்பக்கத்தில் யாராவது வயலில் பிடித்த காட்டுமுயலைக் கொண்டுவந்து ‘இதோடு சேர்த்தால் குட்டி திடமாக வரும்’ என்று சொன்னாலும் வாங்காதீர்கள். அது வேறு இனம், வீட்டு முயலோடு சினை பிடிக்காது. பிடித்து வைப்பதே வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

முயல் வாங்குமுன் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரியிலும் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஒருமுறை விசாரியுங்கள். ‘குட்டியை நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்’ என்று ஒப்பந்தம் நீட்டி ஜோடிக்கு இரண்டு மடங்கு விலை கேட்பவரிடம், அவர் போன வருஷம் யாரிடம் குட்டி வாங்கினார் என்று இரண்டு வீட்டு முகவரி கேளுங்கள். நான்கு மாதக் குட்டியாக வாங்கினால் உங்கள் தண்ணீருக்கும் புல்லுக்கும் பழகி ஆறாவது மாதம் இணைக்குத் தயாராகும். மேடு இப்போதே போட்டு ஒரு மழை வாங்கட்டும், ஆவணியில் முயலை இறக்கினால் ஐப்பசியில் முதல் இணை. எப்போதும் பெண்ணைத் தூக்கி ஆண் கூண்டில் விடுங்கள். ஆணைப் பெண் கூண்டில் விட்டால் கடிபட்டு வரும்.