கம்பத்தில் ஏறுகிறவர் போடும் கணக்கு

கேள்வி: கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் கம்பம் நட வந்தவர்களில் பலர் ஒப்பந்தக் கூலிகள். கிடைப்பது சொற்பம், உயிருக்கும் உத்தரவாதம் இல்லை. அப்படியும் மின்வாரிய வேலைக்கு ஆள் வந்துகொண்டேதான் இருக்கிறது. இது சேவை மனப்பான்மையா, வேறு வழியில்லாத கொடுமையா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டுமே அவர்களைக் குறைத்துப் பேசுகிற பதில்கள். ‘சேவை’ என்று சொல்லிவிட்டால் கூலியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ‘வேறு வழியில்லை’ என்று சொல்லிவிட்டால் ஒரு ‘அய்யோ பாவம்’ போதும், நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடலாம். கம்பத்தில் ஏறுகிற ஆள் நன்றாகக் கணக்குப் போட்டுத்தான் ஏறுகிறார். அந்தக் கணக்கின் முதல் வரி ‘பர்மனென்ட்’.

அது வீண் ஆசை இல்லை. 1990-களின் தொடக்கத்தில் நீதிபதி காலித் கமிஷன் மின்வாரிய ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினையை விசாரித்தது. அதன் பரிந்துரைக்குப் பிறகு 18,006 பேரை வாரியம் படிப்படியாக எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படி உள்ளே போன ஒரு மாமாவோ சித்தப்பாவோ பல ஊர்களில் உண்டு. அவர் வீடு கட்டியதையும், பெண்ணுக்குக் கல்யாணம் செய்ததையும், பென்ஷன் வாங்குவதையும் பார்த்து வளர்ந்த பையன்தான் இன்று கடப்பாரையோடு நிற்கிறான். 24 மாதத்தில் 480 நாள் வேலை பார்த்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்று 1981-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. ‘நானூற்றி எண்பது நாள்’ என்பது பிரிவு அலுவலக வாசலில் காத்திருப்பவர்களுக்கு மனப்பாடம். 2019-இல் கம்பம் நட, கம்பி இழுக்க ஆள் எடுக்கும் கேங்மேன் பதவிக்கு அறிவிப்பு வந்தது. கேட்ட படிப்பு 5-ஆம் வகுப்பு. முதல் இரண்டு ஆண்டு மாதம் 15,000 ரூபாய் தொகுப்பூதியம், அதற்குப் பிறகு காலமுறைச் சம்பளம். 2021-இல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த வழியில் உள்ளே போனார்கள். கதவு அடியோடு மூடியிருந்தால் வரிசை கலைந்திருக்கும். எப்போதாவது ஒருமுறை திறப்பதால்தான் வரிசை கலையவில்லை.

இப்போது கூலியைப் பாருங்கள். 2018 பிப்ரவரியில் வாரியம் தொழிற்சங்கங்களோடு செய்த ஒப்பந்தத்தில் ஒப்பந்தத் தொழிலாளிக்குப் பேசிய தொகை நாளுக்கு 380 ரூபாய். 26 நாள் முழுக்க வேலை கிடைத்தாலும் 9,880 ரூபாய். அதே ஆண்டு நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பங்களைச் சாய்த்தது. டெல்டா வயல் சேற்றில் கிரேன் இறங்காது. எட்டு மீட்டர் சிமென்ட் கம்பத்தைக் கயிறு கட்டித் தோளில் வைத்து வரப்பு வழியே கொண்டு போய், ஐந்தடிக் குழியில் இறக்கினார்கள். அந்தக் கூலி இந்த வேலைக்கானது என்று யாராலும் சொல்ல முடியாது. வரிசையில் இடம் போகாமல் இருக்க அவர்கள் கொடுக்கிற விலை அது.

கணக்கில் இரண்டாவது வரி, கைத்தொழில். லைன்மேனுக்குக் கையாளாக இரண்டு வருஷம் நின்றவருக்கு ஃபியூஸ் கட்ட, ஜம்பர் போட, மோட்டார் ஸ்டார்ட்டரில் கோளாறு பார்க்க, வீட்டு ஒயரிங் செய்ய வந்துவிடும். ஊரிலேயே இருந்துகொண்டு சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் அதில் சம்பாதிக்கலாம். திருப்பூருக்கோ சென்னைக்கோ போய் வாடகை கட்டத் தேவையில்லை. படிப்பு நின்றுபோன ஒருவருக்குச் சொந்த ஊரில் கிடைக்கக்கூடிய நல்ல தொழிற்கல்வி இது. மரியாதையும் சேர்ந்து வருகிறது. மூன்று நாள் இருட்டில் கிடந்த தெருவுக்குக் கரண்ட் வரும்போது எழுகிற அந்தச் சத்தத்தைக் கீழே நின்று ஒருமுறை கேட்டவருக்கு வேறு வேலை சப்பென்றுதான் இருக்கும். அந்தப் பெருமை உண்மை. ஆனால் அது வேலைக்கு வந்த பிறகு பிடிப்பது. வருவதற்குக் காரணம் அதுதான் என்று சொல்லி, அதையே கூலியில் கழித்துக்கொள்வது அநியாயம்.

‘ஆபத்தான வேலை’ என்பதைத்தான் நான் முக்கியமாக மறுக்க விரும்புகிறேன். முறைப்படி நடந்தால் மின்கம்பி வேலையின் ஆபத்தில் பெரும்பகுதியைத் தவிர்க்க முடியும். ஆட்கள் சாவது முறை அறுபடுகிற இடத்தில்.

11 கேவி, அதாவது 11,000 வோல்ட் லைனில் வேலை என்றால் முதலில் சப்-ஸ்டேஷனிலிருந்து ‘எல்.சி.’ வாங்க வேண்டும். லைன் கிளியர், அதாவது ‘ஃபீடரை (அந்த லைனுக்கு மின்சாரம் அனுப்பும் பாதையை) நிறுத்திவிட்டேன், வேலை செய்யலாம்’ என்கிற எழுத்துப்பூர்வ அனுமதி. வாங்கியவரே திருப்பித் தந்தால்தான் மறுபடி மின்சாரம் விட வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் லைனைத் துண்டிக்கிற ஏ.பி. சுவிட்சைத் திறக்க வேண்டும். கைப்பிடி கீழே வந்துவிட்டது என்பதை நம்பக் கூடாது. துருப்பிடித்த சுவிட்சில் இரண்டு பிளேடு திறந்து, ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். அண்ணாந்து மூன்றையும் எண்ண வேண்டும். கைப்பிடிக்குப் பூட்டு. அடுத்து டெஸ்டர் வைத்து மின்சாரம் இல்லை என்று பார்த்து, எர்த் ராடு மாட்ட வேண்டும். முதலில் எர்த் முனையை மண்ணில் அடித்த கம்பியோடு இணைத்து, அதற்குப் பிறகே மேலே மூன்று கம்பியிலும் கொக்கியைப் போட வேண்டும். கழற்றும்போது தலைகீழ்: கொக்கிகள் முதலில், எர்த் கடைசியில். வரிசை மாறினால் ராடைப் பிடித்திருக்கிறவரே எர்த் ஆகிவிடுவார். இரு பக்கமும் எர்த் போட்டு நடுவில் நின்றால்தான், யாராவது தவறிப்போய்ச் சுவிட்சைப் போட்டாலும் மின்சாரம் மண்ணுக்குப் போய் ஃபீடர் டிரிப் ஆகும், ஆள் பிழைப்பார்.

இத்தனைக்கும் நேரம் வேண்டும், ஆள் வேண்டும், இரண்டு செட் ராடு வேண்டும். ஒரு செட்தான் இருக்கிறது, ஊரார் கூடி நின்று ‘இன்னும் எவ்வளவு நேரம்’ என்கிறார்கள் என்றால் முதலில் விடுபடுவது எர்த்தான். அடுத்து, எழுத்தில் வாங்க வேண்டிய எல்.சி.யைப் போனிலேயே வாங்கிவிடுகிறார்கள். ‘நாலு மணிக்கு முடிஞ்சிரும், நாலரைக்கு சார்ஜ் பண்ணிடுங்க’ என்று நேரம் குறித்து வாங்குவதுதான் இருப்பதிலேயே கொடியது. வேலை இழுத்துக்கொண்டு போகும், டவர் கிடைக்காது, நாலரைக்கு மின்சாரம் வந்துவிடும்.

கையுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கொடுத்தோம், அவர் போடவில்லை’ என்பது விபத்து நடந்த பிறகு வழக்கமாக வரும் விளக்கம். 11 கேவிக்கான ரப்பர் உறை தடிமனானது. அதைப் போட்டுக்கொண்டு இன்சுலேட்டரில் பைண்டிங் கம்பியை முறுக்கிப் பார்த்தவருக்குத்தான் ஏன் கழற்றினார் என்று தெரியும். சித்திரை வெயிலில் பத்தே நிமிஷத்தில் உள்ளே வியர்வை தேங்கும், பிடி வழுக்கும். அதனால்தான் உறையை மட்டும் நம்பாமல் எர்த் என்று முறை வைத்தார்கள். உறையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க வாய்ப்பகுதியைச் சுருட்டிக் காற்றை அடைத்து விரல்களை அழுத்தினால் போதும், அரை நிமிஷ வேலை. அதையும் செய்வதில்லை.

மின்சாரம் மட்டும்தான் கொல்லும் என்றில்லை. பழைய கம்பத்தின் அடியில் சிமென்ட் பெயர்ந்து, உள்கம்பி துருவேறி வெளியே தெரியும். இரு பக்கமும் கம்பி சமமாக இழுக்கும் வரை அது நிற்கும். மேலே ஏறியவர் ஒரு பக்கக் கம்பியை வெட்டிய நொடியில் மறுபக்கம் இழுத்து அடியோடு முறிக்கும். கீழே விழாமல் இருக்க இடுப்பு பெல்ட்டைக் கம்பத்தோடு மாட்டியிருப்பார். கம்பத்தோடு சேர்ந்து விழுவார். ஏறுவதற்கு முன் எதிர்ப்பக்கம் தற்காலிக ஸ்டே, அதாவது இழுத்துப் பிடிக்கிற கட்டு கட்டியிருந்தால் இது நடக்காது. தேவை ஒரு கயிறு, ஒரு முளை, கால் மணி நேரம்.

இதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு பங்கு உண்டு. புயலன்று வாடகைக்கு ஜெனரேட்டர் எடுத்து, மெயினை நிறுத்தாமல் ஏதோ ஒரு பிளக்கில் சொருகிவிட்டால் அந்த மின்சாரம் சர்வீஸ் ஒயர் வழியே தெருக் கம்பிக்குப் போகும். ஊர் முழுக்க லோடு இருந்தால் சின்ன ஜெனரேட்டர் தாங்காமல் நின்றுவிடும். ஆனால் கம்பி அறுந்து, நாலு வீடு மட்டும் ஒட்டியிருக்கிற துண்டில் அது நன்றாகவே தாங்கும். அந்தத் துண்டு டிரான்ஸ்ஃபார்மரோடு சேர்ந்திருந்தால் இன்னும் மோசம். 11,000 வோல்ட்டை 433 ஆகக் குறைக்கிற அதே பெட்டி, எதிர்த்திசையில் ஏறத்தாழ 25 மடங்கு ஏற்றிக் கொடுக்கும். ‘செத்த லைன்’ என்று நினைத்துத் தொட்ட ஆளின் நெஞ்சு வழியே 30 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 60 வாட் குண்டு பல்ப் எரிய வேண்டிய மின்னோட்டத்தில் அது ஒன்பதில் ஒரு பங்கு. வாரியமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் சேரவே முடியாதபடி ஒரு சேஞ்ச்-ஓவர் சுவிட்ச் போட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. உங்கள் தெருவில் ஜெனரேட்டர் ஓடுகிற வீட்டில் அது இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள்.

அப்படியும் ஒருவர் இறந்துபோனால்? 2025 வரை இருந்த 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் வகுத்த கணக்கு இது: மாதக் கூலியில் பாதியை, வயதுக்கேற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. கணக்கில் எடுக்கும் கூலிக்கு 2020 ஜனவரியில் வைத்த உச்சவரம்பு 15,000. அவ்வளவு கூலி வாங்கியவர் என்றால் 15,59,850 ரூபாய். 9,880 வாங்கியவர் என்றால் சுமார் 10 லட்சத்து 27 ஆயிரம். ஒப்பந்ததாரர் தராவிட்டால் வேலை கொடுத்த முதன்மை நிறுவனத்திடமே கேட்கலாம் என்றும் அந்தச் சட்டம் சொன்னது. எல்லாம் சரி, அவர் அன்று அங்கே வேலை பார்த்தார் என்பதற்கு அத்தாட்சி எங்கே? கூலி கையில் வந்தது. பதிவேடு ஒப்பந்ததாரரிடம். ஒப்பந்தம் மாறினால் பதிவேடும் மாறிவிடும். 480 நாளை நிரூபிக்க முடியாமல் நிற்பவரும், இழப்பீடு கேட்டு நிற்கும் மனைவியும் முட்டிக்கொள்வது இதே சுவரில்தான்.

அடுத்த புயலுக்கும் உங்கள் ஊருக்கு ஆட்கள் வருவார்கள். டீ வாங்கிக் கொடுப்பீர்கள், தெரியும். அதோடு அவர்கள் கம்பம் நடும்போது தேதி தெரியும்படி நாலு போட்டோ எடுங்கள். முகம் தெரிய வேண்டும், கம்பத்தில் எழுதியிருக்கும் எண் தெரிய வேண்டும். ஊராட்சித் தலைவரிடம் சொல்லி, இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை இன்னார் எங்கள் ஊரில் வேலை பார்த்தார் என்று லெட்டர்பேடில் பெயர்களோடு எழுதி வாங்கி, ஆளுக்கு ஒரு நகல் கொடுத்து அனுப்புங்கள்.