மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கிவிடுகிறது: பதில்

டியூஷனில் மகனின் மாஸ்க் மூக்குக்குக் கீழே இறங்கிவிடுகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். மூக்குக் கம்பி உள்ள மாஸ்க்காக மாற்றிக் கொடுங்கள், முதலில் அதுதான். கொரோனா பற்றி அத்தனையும் தெரிந்த பதினாறு வயதுப் பையன் டியூஷனில் மட்டும் மாஸ்க்கை இறக்கிவிடுகிறான் என்றால், அது அறிவுரை போதாமல் இல்லை. கண்ணாடி போடுகிறவன் என்கிறீர்கள். மூச்சுக்காற்று மேல்பக்கம் கசிந்து லென்ஸில் ஆவி படியும். போர்டு தெரியாது. இறக்கிவிடுவான்.

வீட்டிலேயே சோதிக்கலாம். மாஸ்க், கண்ணாடி இரண்டையும் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். லென்ஸ் மங்கினால் காரணம் அதுதான். கம்பியை இரு கை விரல்களாலும் மூக்கோடு அழுத்தி வளைத்து, கண்ணாடியை மாஸ்க்கின் விளிம்புக்கு மேல் உட்காரவைக்கட்டும்.

மங்கவில்லையா? அப்படியானால் நண்பர்கள் கேலியாக இருக்கலாம். திட்டாமல் கேளுங்கள், அந்த வயதில் அது பெரிய விஷயம். பையில் மாற்று மாஸ்க் ஒன்றும் இருக்கட்டும். நனைந்ததைப் போட்டுக்கொண்டு மூச்சு விடுவது சிரமம்.

"ஊசி போட்டாச்சே" என்கிறானாம். 15–18 வயதினருக்கு இந்தியாவில் 2022 ஜனவரி 3 முதல் போட்டது கோவாக்சின் தடுப்பூசி. இரண்டாம் தவணை 28 நாள் கழித்து. அதற்குப் பிறகும் எதிர்ப்புச் சக்தி உருவாக இரண்டு வாரம் ஆகும். கொரோனாவின் ஒமிக்ரான் வகையோ இரண்டு தவணை போட்டவர்களுக்கும் தொற்றியது.

டியூஷன் ஆசிரியரிடம் ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொல்லத் தயங்காதீர்கள்.

ஒன்று கவனியுங்கள்: வால்வு வைத்த மாஸ்க் வாங்க வேண்டாம், அவன் விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியேறும். ஆஸ்துமா இருந்தால் என்95க்கு மாறும் முன் டாக்டரிடம் கேளுங்கள்.