கணினி கேள்வி–பதில்: உயிரோடு இருக்கும் டிஸ்கை ரெய்டு ஏன் வெளியே தள்ளுகிறது?

கேள்வி: நாலு டிஸ்க் வைத்து லினக்ஸில் ரெய்டு 5 (ஒரு டிஸ்க் போனாலும் தரவு தப்பும்படி பல டிஸ்குகளை இணைக்கும் முறை) ஓட்டுகிறேன். திடீரென்று ஒரு டிஸ்க் பக்கத்தில் 'எஃப்' (ஃபெயில், அதாவது பழுது) என்று விழுந்துவிட்டது. கழற்றி வேறு கணினியில் மாட்டினால் நன்றாகத்தான் ஓடுகிறது. புதிது வாங்குவதா, இதையே சேர்ப்பதா?

பதில்: பர்ஸைத் திறக்கும் முன் கர்னல் லாகை, அதாவது லினக்ஸின் மையப்பகுதி எழுதும் பதிவைத் திறங்கள். டிஸ்க் விழுவதற்குச் சற்று முன்னால் 'லிங்க் ரீசெட்' (டிஸ்க் இணைப்பை மறுபடி தொடங்குவது) என்று வரிசையாக வந்திருந்தால், என் சந்தேகம் டைம்அவுட் (காத்திருக்கும் கால வரம்பு) மீதுதான்.

ஒரு செக்டரை, அதாவது டிஸ்கின் ஒரு சிறு சேமிப்புத் துண்டைப் படிக்க முடியவில்லை என்பதற்காக எம்டி டிரைவர் (லினக்ஸில் ரெய்டை நடத்தும் பகுதி) டிஸ்கை உடனே கைவிடாது. மற்ற மூன்றிலும் உள்ளதை வைத்து அந்தத் துண்டைக் கணக்கிட்டு, பழுதான இடத்திலேயே திரும்ப எழுதும். டிஸ்க் தேவைப்பட்டால் உள்ளுக்குள் மாற்று செக்டர் ஒதுக்கிக்கொள்ளும். மறுபடி படித்துப் பார்த்துச் சரியாக வந்தால் கதை முடிந்தது. அந்த எழுத்தும் தோற்றால்தான் வெளியே போக நேரும்.

இங்கேதான் கோளாறு. சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் ஒரு மோசமான செக்டரோடு இரண்டு நிமிடத்துக்கு மேல்கூட மல்லுக்கட்டும். கர்னலோ வழக்கமாக 30 விநாடிதான் காத்திருக்கும். அப்புறம் ரீசெட் அடிக்கும். டிஸ்க் இன்னும் பழைய வேலையிலேயே மூழ்கியிருக்கும். எம்டி திருத்தி எழுத வரும்போதும் பதில் வராது. எழுத்து தோல்வி, டிஸ்க் வெளியே. தானாகச் சரியாகியிருக்க வேண்டிய ஒரு செக்டருக்காக முழு டிஸ்கும் போகிறது.

டிஸ்க் நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியில் எஸ்சிடி ஈஆர்சி (பிழையோடு டிஸ்க் எவ்வளவு நேரம் போராடலாம் என்ற வரம்பு) மதிப்பை, படிக்க 70, எழுத 70 என்று வையுங்கள். இந்த எண் விநாடியின் பத்தில் ஒரு பங்குக் கணக்கு; அதாவது 7 விநாடியில் டிஸ்க் கையை விரித்துவிடும்; மீதியை எம்டி பார்த்துக்கொள்ளும். உங்கள் டிஸ்கில் அந்த வசதியே இல்லையென்றால் (மலிவு விலை டிஸ்குகளில் பெரும்பாலும் இருக்காது) எதிர்வழியில் போங்கள்: சிஸ் (/sys) கோப்பகத்தில் அந்த டிஸ்கின் டைம்அவுட்டை 180 விநாடி ஆக்குங்கள். மின்சாரம் போய் வந்தால் இரண்டுமே பழையபடி ஆகிவிடலாம் என்பதால், பூட் ஸ்கிரிப்டிலோ, டிஸ்க் தென்படும்போது தானாக ஓடும் யுடெவ் விதியிலோ போட்டுவையுங்கள்.

மீதமுள்ள மூன்று டிஸ்குக்கும் இதை முதலில் செய்துவிட்டு, பேக்கப்பும் எடுத்துவிட்டு, அப்புறம் விழுந்த டிஸ்கை ரீ-ஆட் செய்யுங்கள், அதாவது திரும்பச் சேருங்கள். ரீபில்டு (சேர்த்த டிஸ்கில் தரவை மறுபடி நிரப்புவது) அந்த மூன்றையும் படித்தாக வேண்டும். இதுவரை யாரும் தொடாத மூலையில் இன்னொரு கெட்ட செக்டர் காத்திருக்கலாம். ரைட்-இன்டென்ட் பிட்மேப் (எந்தப் பகுதிகளில் எழுதப்பட்டது என்ற குறிப்பு) இருந்தால் மாறிய பகுதிகள் மட்டுமே எழுதப்படும், வேலை சீக்கிரம் முடியும். ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நலனைப் பற்றித் தரும் அறிக்கை) ரீஅலோகேட்டட் செக்டர், அதாவது மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டர் எண்ணிக்கை வாராவாரம் ஏறினால் மட்டும் தயங்காமல் புதிது வாங்குங்கள்.

கேள்வி: லினக்ஸ் ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஆடம் கருவியில் 'ஃபெயில்' கட்டளை கொடுத்துப் பார்த்தேன், ஸ்பேர் (மாற்றுக்காக வைத்திருக்கும்) டிஸ்க் அழகாக உள்ளே வந்தது. சோதனை போதும்தானே?

பதில்: போதாது. அந்தக் கட்டளை டிஸ்கைக் கேட்டவுடன் சாகவைக்கிறது. நிஜ டிஸ்க் இழுத்துப் பறித்துத்தான் சாகும். லூப் கோப்புகளில் (டிஸ்க் போல நடிக்கும் கோப்புகள்) ஒரு சின்ன அரே, அதாவது ரெய்டுத் தொகுப்பு கட்டி, ஒன்றின் மேல் டிவைஸ் மேப்பரின் (டிஸ்குக்கு மேல் ஒரு மெய்நிகர் அடுக்கு போடும் லினக்ஸ் வசதி) 'ஃப்ளேக்கி' டார்கெட்டை வையுங்கள். சில விநாடி ஒழுங்காக இருக்கும், சில விநாடி பிழை கொடுக்கும். எச்சரிக்கை மெயில் உண்மையிலேயே வருகிறதா என்பதையும் அப்படியே பாருங்கள். பலருக்கு வருவதில்லை.

கேள்வி: ரெய்டு 5-இல் இரண்டு டிஸ்க் ஒன்றாக விழுந்துவிட்டது. அரேயைப் புதிதாக 'கிரியேட்' செய்யச் சொல்கிறார் நண்பர்.

பதில்: வேண்டவே வேண்டாம்! டிஸ்க் வரிசையோ சங்க் (டிஸ்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் துண்டு) அளவோ மாறினால் தரவு கந்தல்தான். எம்டிஆடத்தின் 'எக்ஸாமின்' கட்டளையால் ஒவ்வொரு டிஸ்கின் ஈவென்ட் எண்ணையும் (அரேயில் மாற்றம் நடக்க நடக்க ஏறும் எண்) எழுதிவையுங்கள். கடைசியாக விழுந்த டிஸ்குக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் சொற்பம் என்றால், அரேயை நிறுத்தி, முதலில் விழுந்ததை விட்டுவிட்டு, மற்றவற்றை 'அசெம்பிள்', 'ஃபோர்ஸ்' கொடுத்து எழுப்புங்கள். ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து முக்கியமான கோப்புகளை வெளியே எடுங்கள், எஃப்எஸ்சிகே (கோப்பு முறைமையைச் சோதித்துத் திருத்தும் கருவி) அதற்கப்புறம்.