சிமுலேட்டரில் ரன்வே எவ்வளவு தூரத்தில் இருக்கிறது?

விமானப் பயிற்சி சிமுலேட்டர்களின் காட்சி அமைப்பைப் பராமரிப்பது என் வேலை. அதைப் பற்றி நண்பர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

விமானிகளுக்கு ஏன் 3டி கண்ணாடி தருவதில்லை, சார்?

தேவைப்படுவதில்லை. நம் இரு கண்களுக்கும் இடைவெளி சுமார் 6.5 செ.மீ. ஊசியில் நூல் கோக்க அது உதவும். அரை கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ரன்வேயை இரண்டு கண்ணும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் பார்க்கும். அங்கே தூரத்தைச் சொல்வது ரன்வேயின் வடிவமும், அது விரியும் வேகமும், தரை நழுவும் விதமும்தான். 1926இல் இடது கண்ணை இழந்த அமெரிக்க விமானி வைலி போஸ்ட், 1933இல் தனியாளாக உலகைச் சுற்றிப் பறந்தாரே!

அப்படியானால் பெரிய திரை ஒன்று போதாதா? சிமுலேட்டரில் விமானிகளுக்கு முன்னால் ராட்சத ஆடி ஒன்றை வைக்கிறீர்களே, அது எதற்கு?

போதாது. இரு விமானிகளும் ஒரு மீட்டர் இடைவெளியில் உட்கார்ந்திருக்கிறார்கள், திரை 3 மீட்டரில் இருக்கிறது என்று வையுங்கள். கேப்டனுக்கு நேரெதிரே தெரியும் ரன்வே, பக்கத்தில் இருப்பவருக்குச் சுமார் 18 டிகிரி ஒதுங்கித் தெரியும். நிஜத்தில் இருவருக்கும் அது நேர் எதிரில்தான். அதோடு, தலையைக் கொஞ்சம் அசைத்தாலே படம் பக்கத்தில் இருப்பதைக் கண் கண்டுபிடித்துவிடும்.

அதனால் படத்தை காக்பிட்டுக்கு மேலே உள்ள ஒரு திரையில் விழவைத்து, அதன் பிம்பத்தை வளைந்த ஆடியில் பார்க்க வைக்கிறோம். ஒளிக்கதிர்கள் கிட்டத்தட்ட இணையாக வருவதால் காட்சி வெகுதொலைவில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். இதற்குக் கோலிமேட்டட் டிஸ்ப்ளே என்று பெயர். பல சிமுலேட்டர்களில் அந்த ஆடி கண்ணாடியே இல்லை. காற்றை உறிஞ்சி வளைத்துப் பிடித்த மைலார் என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம். அழுத்தம் மாறினால் படம் கோணிக்கொள்ளும். என் தூக்கத்தைக் கெடுப்பதும் அதுதான்.

கண்ணை மூடி மாட்டும் விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டில் காக்பிட் சுவிட்சுகளைப் பார்த்தால் கண் வலிக்கிறதே?

பக்கத்துச் சுவிட்சைப் பார்க்கக் கண்கள் உள்நோக்கித் திரும்புகின்றன. ஆனால் கண்ணின் குவியம் ஹெட்செட் லென்ஸ் நிர்ணயித்த தூரத்திலேயே நிற்க வேண்டியிருக்கிறது. இந்த இழுபறிதான் வலிக்கு முக்கியக் காரணம். நடுநடுவே ஓய்வெடுத்துப் பறந்து பழகுங்கள். அதற்காக விஆரை ஒதுக்கிவிட முடியாது. தரையை ஒட்டி அந்தரத்தில் நிற்கும் ஹெலிகாப்டருக்கு இரு கண் பார்வை உண்மையிலேயே உதவும். ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்கான விஆர் சிமுலேட்டரை ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2021இல் அங்கீகரித்தது.

வீட்டு மானிட்டரில் சிமுலேட்டர் ஓட்டி ரன்வேயில் இறங்கும்போது தொப்பென்று விழுகிறேன்...

முதலில் சிமுலேட்டர் மென்பொருளில் வைத்திருக்கும் பார்வைக் கோணத்தைச் சரிபாருங்கள். 60 செ.மீ. அகலத் திரையை 70 செ.மீ. தள்ளி உட்கார்ந்து பார்த்தால் உங்கள் கண்ணுக்கு அது சுமார் 46 டிகிரிதான். மென்பொருளில் நீங்கள் 90 டிகிரி வைத்திருந்தால் ரன்வே சுருங்கி, இருப்பதைவிடத் தொலைவாகத் தெரியும். 46 வைத்தால் பக்கக் காட்சி போய்விடும், உண்மைதான். ரன்வேயை நோக்கித் திரும்பும்வரை அகலமாக வைத்துக்கொண்டு, நேரானதும் குறையுங்கள்.