காற்றும் உயிரும்: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: எவரெஸ்ட் உச்சியிலும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான் என்கிறார்கள். பிறகு ஏன் அங்கே மூச்சு முட்டுகிறது?

சதவீதம் மாறுவதில்லை, அழுத்தம்தான் குறைகிறது. ஆக்சிஜனை ரத்தத்துக்குள் தள்ளுவது அதன் பகுதி அழுத்தம், அதாவது மொத்தக் காற்றழுத்தத்தில் ஆக்சிஜனின் பங்கு. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 1013 ஹெக்டோபாஸ்கல் (அழுத்தத்தை அளக்கும் அலகு). உள்ளே போகும் காற்று மூச்சுக்குழாயில் ஈரமாகிறது. உடல் வெப்பநிலையில் அந்த நீராவிக்கு மட்டும் 63 போய்விடும். மீதி 950இல் 21 சதவீதம், ஏறக்குறைய 200. எவரெஸ்ட் உச்சியில் மொத்த அழுத்தமே 335 அளவுதான். அங்கேயும் நீராவி அதே 63ஐ எடுத்துக்கொள்ளும். எஞ்சிய 272இல் ஆக்சிஜனின் பங்கு 57. உயரத்தில் நீராவி இரட்டை அடி கொடுக்கிறது என்பதைப் பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

மலையேறுவோர் கவனத்துக்கு: 2,500 மீட்டருக்கு மேல் தலைவலி, குமட்டல் தொடங்கலாம். 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் ஓய்வெடுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பது உயிருக்கு ஆபத்து.

கேள்வி: 78 சதவீதம் நைட்ரஜன் வீண்தானே? முழுக்க ஆக்சிஜனாக இருந்தால் நல்லதல்லவா?

நல்லதல்ல. கடல் மட்ட அழுத்தத்தில் தூய ஆக்சிஜனை ஒரு நாள் அளவுக்குத் தொடர்ந்து சுவாசித்தாலே நெஞ்சு வலி, இருமல் எனத் தொடங்கி நுரையீரல் புண்படும். தீயும் கட்டுக்கடங்காது, ஏனெனில் சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதியை உறிஞ்சி அதை அடக்கி வைப்பது நைட்ரஜன். 1967 ஜனவரி 27 அன்று அப்போலோ 1 கலத்தில், வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக நிரப்பியிருந்த தூய ஆக்சிஜனில் தீப்பற்றி மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். விண்வெளி நடை உடையில் இன்றும் தூய ஆக்சிஜன்தான் இருக்கிறது. ஆனால் அதன் அழுத்தம் 300 ஹெக்டோபாஸ்கல் அளவே.

கேள்வி: வெறும் 0.04 சதவீதம் உள்ள கார்பன் டை ஆக்சைடு பூமியைச் சூடாக்கும் என்பதை நம்ப முடியவில்லை.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். உலர்ந்த காற்றில் 99.9 சதவீதத்துக்கு மேல் நைட்ரஜன், ஆக்சிஜன், ஆர்கான். தரை வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை இவை ஏறத்தாழ அப்படியே போகவிடுகின்றன. எனவே வெப்பக் கணக்கில் இவற்றுக்கு இடமில்லை. அளவும் அப்படியொன்றும் சொற்பமல்ல: ஒவ்வொரு சதுர மீட்டர் தரைக்கு மேலும் சுமார் பத்து டன் காற்று நிற்கிறது, அதில் ஆறு கிலோவுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு.

அகச்சிவப்புக் கதிர்களை உறிஞ்சும் பசுமை இல்ல வாயுக்களே (கார்பன் டை ஆக்சைடு, நீராவி போன்றவை) இல்லாமல், இப்போது உள்வாங்கும் அதே சூரிய ஒளி மட்டும் கிடைத்தால் பூமியின் சராசரி வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் ஆகும். இருப்பதோ 15 அளவில். இந்த 33 டிகிரியில் பெரும்பங்கு நீராவிக்கும் மேகங்களுக்கும் உரியது, உண்மைதான். ஆனால் நீராவி தானாக முடிவெடுப்பதில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் அது தாங்கக்கூடிய நீராவி 7 சதவீதம் கூடும்; குளிர்ந்தால் மழையாகவோ பனியாகவோ விழுந்துவிடும். கார்பன் டை ஆக்சைடு அப்படி விழாது. ஆகவே அடிப்படை வெப்பநிலையை அது நிர்ணயிக்க, நீராவி அதைப் பெருக்குகிறது. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கார்பன் டை ஆக்சைடு இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இதைச் சின்ன மாற்றம் என்று சொல்வது தவறு.

கேள்வி: காடுகள் அழிந்தால் ஆக்சிஜன் தீர்ந்துவிடுமா?

தீராது. முதிர்ந்த காடு தான் உண்டாக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய முழுவதையும் தன் சுவாசத்திலும் சருகுகள் மட்குவதிலும் செலவழித்துவிடுகிறது. உலகிலுள்ள எல்லா உயிர்ப்பொருளையும் எரித்தாலும் காற்றின் ஆக்சிஜன் ஒரு சதவீதம்கூடக் குறையாது. நாம் சுவாசிப்பது, மட்காமல் கடலடி வண்டலில் புதைந்த கரிமப் பொருளுக்கு ஈடாகக் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மிஞ்சிய சேமிப்பு. காட்டைக் காக்க மழை, மண், உயிரினங்கள், கரிமச் சேமிப்பு என்று வலுவான காரணங்கள் உள்ளன. தவறான காரணம் தேவையில்லை.

கேள்வி: ஓசோன் படலம் இருக்கும்போது வெயிலுக்கு ஏன் பயப்பட வேண்டும்?

அது புற ஊதா சி கதிரை முழுதும், பி கதிரைப் பெருமளவும் தடுக்கிறது. ஏ கதிர் பெரும்பாலும் தரைக்கு வந்துவிடும்; சன்னல் கண்ணாடியையும் கடக்கும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் தொப்பி, முழுக்கை ஆடை அவசியம்.

கேள்வி: கடல் நீர் ஆவியாகி விண்வெளிக்குத் தப்பிவிடாதது எப்படி?

மேலே போகப் போகக் குளிர்கிறது. பத்து முதல் பதினேழு கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை மைனஸ் 50 முதல் மைனஸ் 80 டிகிரி வரை இறங்குவதால் நீராவி உறைந்து விழுகிறது. அதற்கு மேல் பத்து லட்சத்தில் சில பங்குதான் கடக்கிறது. தடையில்லாமல் மேலே போனால் புற ஊதாக் கதிர் நீரைப் பிளக்கும். எடை குறைந்த ஹைட்ரஜன் வெளியேறிவிடும். வெள்ளிக் கோளில் நடந்தது அதுதான் என்பதற்குத் தடயம் உண்டு. சாதாரண ஹைட்ரஜன் எளிதில் தப்ப, ஹைட்ரஜனின் கனமான வகையான டியூட்டீரியம் பின்தங்கியது. அங்கே சாதாரண ஹைட்ரஜனோடு ஒப்பிட்டால் டியூட்டீரியத்தின் விகிதம் பூமியில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கும் மேல்.